சுவாசப்பைத் தழும்பும் படம் உரைக்கும் வருங்காலமும்

எமது கல்லூரியிற் கணிதம் கற்பித்து இளைப்பாறிய ஆசிரியர் ஒருவர், ஒருநாள் மாலை பெரிய காகித உறையொன்றைக் கையிலேந்தியவராய் எமது இல்லத்துக்கு வந்தார். வாசற்படிகள் நான்கையும் ஏறி முடித்ததும் நாற்காலியின் கைப்பிடியைப் பற்றியவாறு சிறிது நேரம் பேசாதிருந்தார். ஒரு காலத்தில் வகுப்பின் கடைசி வாங்குவரை தெளிவாகக் கேட்ட குரல் அவருடையது. மூச்சு ஒருவாறு அடங்கியபின் உறையை எம்மிடம் நீட்டி, "தம்பி, எனக்கு இன்னும் எத்தனை வருஷம் எண்டு இதிலை எழுதியிருக்குமாம். வாசிச்சுச் சொல்லும்" என்றார்.

அவ்வுறையினுள் இருந்தவை சுவாசப்பைகளின் சி.ரி. படங்கள். அவற்றிலே ஆண்டுக்கணக்கு எழுதப்படுவதில்லை. ஆயினும் ஒன்றுமே எழுதப்படவில்லை என்று கூறுவதும் உண்மையன்று. அப்படங்களை வைத்தியர்கள் எவ்வாறு வாசிக்கின்றனர், அவ்வாசிப்பு எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்பவற்றையே இங்கு விளக்க முயல்கின்றோம்.

சுவாசப்பை முப்பது கோடிக்கு மேற்பட்ட சிற்றறைகளால் ஆனது. காற்றிலுள்ள ஒட்சிசன் குருதியை அடைவது இச்சிற்றறைகளின் மிக மெல்லிய சுவரினூடாகவே. அச்சுவரிலே தழும்பு விழுந்து தடித்துவிட்டால், சுவாசப்பை விரிய மறுக்கும். ஒட்சிசனும் எளிதிற் கடவாது. அஸ்பெஸ்தசுத் தூசி, பறவைகளின் எச்சத்திலும் இறகிலும் உள்ள புரதங்கள், மூட்டுவாதம், தோல் தடித்து இறுகும் ஸ்கிளரோடேர்மா என்னும் நோய், சில மருந்துகள் ஆகியன இதற்குக் காரணமாகலாம். எக்காரணமும் புலப்படாது, பெரும்பாலும் அறுபது வயதைக் கடந்தோரிடம் தோன்றும் ஒருவகையும் உண்டு. தழும்பு நோய்களுள் மிகக் கொடியவற்றுள் ஒன்று அதுவே. சிகிச்சை இல்லாத காலத்துக் கணக்கின்படி, நோய் கண்டறியப்பட்டபின் வாழ்நாளின் இடையப் பெறுமானம் மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் ஆகும்.

1895ஆம் ஆண்டில் றொன்ற்கன் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்த காலந்தொட்டு நெஞ்சுப் படம் வைத்தியரின் வலக்கையாக விளங்கி வந்துள்ளது. ஆனால் இந்நோயைப் பொறுத்தமட்டில் அது பல வேளைகளில் ஏமாற்றிவிடும். 1978இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வொன்றில், சுவாசப்பைத் துண்டைப் பரிசோதித்து நோய் உறுதிசெய்யப்பட்ட 458 பேருள் 44 பேரின் நெஞ்சுப் படம் குறையேதுமின்றிக் காணப்பட்டது. காரணம் எளிது. ஓர் ஏட்டுச்சுவடியை அவிழ்க்காமலே சூரியனுக்கு நேரே பிடித்து வாசிக்க முயல்வோமாயின், எல்லா ஏடுகளின் எழுத்துக்களும் ஒன்றன்மேலொன்று படிந்து தோன்றும். சாதாரண எக்ஸ் கதிர்ப் படமும் அத்தகையதே. சுவடியை ஏடு ஏடாகப் பிரித்துக் காட்டும் வித்தையைச் செய்தவர் ஹவுன்ஸ்பீல்ட் என்னும் ஆங்கிலப் பொறியியலாளர். அவர் பணியாற்றிய ஈ.எம்.ஐ. நிறுவனம் இசைத்தட்டுக்களால் உலகறிந்தது என்பது ஒரு சுவையான செய்தி. 1971இல் முதன்முதலாக ஒரு நோயாளியின் தலை அவரது கருவியாற் படம்பிடிக்கப்பட்டது. 1979இல் கோமக் என்பாருடன் அவர் நோபெல் பரிசைப் பகிர்ந்தார். 1980களில் ஒரு மில்லிமீற்றரளவு மெல்லிய வெட்டுமுகங்களைப் பெற முடிந்தபோதே சுவாசப்பைத் தழும்பு வைத்தியரின் கண்ணுக்குச் செவ்வையாகப் புலனாயிற்று.

அவ்வெட்டுமுகங்களிலே நாம் தேடும் குறிகள் சிலவே. பனிமூட்டம் படிந்த கண்ணாடிபோல மங்கிய பகுதி ஒன்று. மெல்லிய கோடுகள் பின்னிய வலைபோன்ற தோற்றம் இன்னொன்று. மூன்றாவது, மூச்சுக்குழாய்கள் அகன்று முறுகிக் காணப்படுதல். தழும்பு சுருங்கும்போது தன் நடுவே செல்லும் குழாயின் சுவரை நாற்புறமும் இழுக்கின்றது. அதனாலேயே குழாய் விரிகின்றது. இறுதியானது தேன்கூடு. சுவாசப்பையின் ஓரத்திலே, சிறப்பாக அடிப்பாகத்திலே, தடித்த சுவருடைய சிறு குழிகள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். அவ்விடத்திற் சிற்றறைகள் அழிந்துவிட்டன, அவை மீளா.

மங்கிய பகுதி மட்டும் தனித்துக் காணப்படின் அது அழற்சியாகவும் இருக்கலாம், மருந்துக்கு அடங்கலாம். அதனூடே செல்லும் குழாய்கள் இழுபட்டு விரிந்திருப்பின், அம்மங்கலும் நுண்ணிய தழும்பே எனக் கொள்ளல் வேண்டும். ஏற்கெனவே தேன்கூடு கொண்ட சுவாசப்பையில், சில நாட்களுள் மூச்சு முட்டி, இரு பக்கமும் புதிய மங்கல் பரவுமாயின், அது நோயின் திடீர்ச் சீற்றமாகலாம். அந்நிலையில் ஆசுபத்திரியிற் சேர்க்கப்படுவோருள் ஏறக்குறைய அரைவாசிப் பேர் திரும்புவதில்லை. ஒரே குறி மூவிடத்தில் மூன்று பொருள் தருகின்றது. சொல்லின் பொருளை வாக்கியம் தீர்மானிப்பது போன்றதே இது. தனிக் குறியொன்றைக் கண்டு தீர்ப்புக் கூறுவோரை நாம் நம்புவதில்லை.

தேன்கூடு உள்ளவரின் ஆயுள், இல்லாதவரின் ஆயுளினும் சராசரியாகக் குறைந்தது என்பது பல ஆய்வுகளில் நிலைநாட்டப்பட்டுள்ளது. ஆனால் இங்கும் ஒரு சங்கடம் உண்டு. ஒரே படத்தைப் பார்த்து, ஒரு நிபுணர் தேன்கூடு உண்டு என்பார். மற்றவர் இல்லை என்பார். குழாய்கள் இழுபட்டு விரிதலின் கடுமை தேன்கூட்டைப் போலவே வருங்காலத்தைச் சுட்டுவதாகப் பின்வந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. மனிதக் கண்களின் இப்பிணக்கைத் தவிர்க்கக் கணினியைக்கொண்டு தழும்பை அளவிடும் முறைகளும் இப்போது உருவாகியுள்ளன.

தழும்பின் தன்மையோடு அதன் பரப்பும் முக்கியமானது. ஸ்கிளரோடேர்மா நோயாளரைப்பற்றி இலண்டனிலிருந்து 2008இல் வெளிவந்த ஆய்வு இதற்கு நல்ல உதாரணம். படத்திலே நோய் 20 சதவீதத்துக்கு மேற்பட்டிருப்பது ஒரு நோட்டத்திலேயே தெளிவாயின், அது விரிந்த நோய். குறைவென்பது தெளிவாயின் குறுகிய நோய். எது என்று துணிய முடியாவிடில், ஆழ மூச்செடுத்துப் பலமாக ஊதும் பரிசோதனையை நோக்குவர். ஊதிய காற்றின் அளவு எதிர்பார்க்கத்தக்கதில் 70 சதவீதத்துக்குக் குறையின் விரிந்தது. இவ்வெளிய பிரிப்பு உயிர்பிழைப்போரையும் நலிவோரையும் வேறுபடுத்தி உணர்த்துவதிற் பெரிதும் வெற்றிகண்டது. படம் ஐயுறும்போது மூச்சளவு துணைநிற்கின்றது. மூச்சளவு ஏமாற்றும்போது படம் துணைநிற்பதும் உண்டு. புகைபிடித்தவரின் சுவாசப்பையில் மேற்பாகம் ஊதிப் பெருத்தும் அடிப்பாகம் தழும்பேறியும் இருப்பின், ஊதும் காற்றின் அளவு நல்லதுபோலவே தோன்றும். நோயாளியோ பத்து அடி நடக்க இளைப்பார். அவ்விரண்டையும் ஒருங்கே காட்டவல்லது படமே.

இவ்வாசிப்பால் நோயாளிக்கு விளையும் நன்மை யாது என ஒருவர் வினவலாம். முன்னாளில் எல்லாத் தழும்பையும் அழற்சியின் விளைவாகவே கருதி, ஸ்டீரொயிட்டும் அசதயோப்பிறினும் சேர்த்துக் கொடுத்தனர். காரணம் அறியாத அந்நோய்வகையில் அக்கூட்டுமருந்து மரணத்தையே கூட்டிற்று என்பதை 2012இல் வெளிவந்த பரிசோதனை காட்டியது. பிர்பெனிடோன், நின்ரெடானிப் என்னும் இரு மருந்துகள் வழக்கிற்கு வந்துள்ளன. அவை தழும்பை நீக்குவனவல்ல. அது பரவும் வேகத்தைக் குறைப்பன. ஆகவே படத்தைச் சரிவர வாசிப்பவர், பயனற்ற மருந்தைத் தவிர்த்து, இழப்பு நேருமுன்னரே ஏற்ற மருந்தைத் தொடங்குகின்றார். சுவாசப்பை மாற்றுச் சிகிச்சைக்குத் தகுதியுடையோரையும் காலந்தாழ்த்தாது அனுப்ப முடிகின்றது.

ஆசிரியரின் படங்களுக்கு மீள்வோம். தேன்கூடு சிறிதே இருந்தது. குழாய்கள் சில விரிந்திருந்தன. இடையம் என்னும் சொல்லை எமக்கு முதலிற் கற்பித்தவர் அவரே. ஆதலின் அவருக்கு எதையும் மறைக்கவில்லை. "ஐயா, நூறுபேருக்கு உரிய கணக்குத்தான் எங்களிட்டை இருக்கு. இடையத்துக்கு அங்காலை ஐம்பது பேர் இருக்கினம். நீங்கள் எந்தப் பக்கம் எண்டு இந்த ஒரு படத்தாலை சொல்லேலாது" என்றோம். சிறிது யோசித்தபின், "ஒரு புள்ளியை வைச்சுக் கோடு கீறச் சொல்லிக் கேட்டுப்போட்டன்" என்று அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறிற்று.

முந்திய படம் எதுவும் உண்டோ என வினவினோம். கண்புரைச் சத்திரசிகிச்சைக்கு முன்னர் எடுத்த நெஞ்சுப் படம் ஒன்று வீட்டிலே அலுமாரிக்கு மேலே கிடப்பதாகக் கூறினார். அதனைத் தேடி எடுத்துவரும்படியும், ஊதும் பரிசோதனையை மூன்று மாதத்துக்கொருமுறை செய்துகொள்ளும்படியும் ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தோம். அவர் அதனை உறையினுள் இட்டு, வாசற்படிகளில் ஒவ்வொன்றாக நின்று நின்று இறங்கினார். மறுநாட் காலை அவருடைய பேரன் பழைய படத்தைக் கொண்டுவந்து தந்தான்.