சும்மா இருந்த நேரம் யார் கணக்கு?

சோழவந்தான் ரயிலடியில் வெற்றிலைக் கூடைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மதுரை ரயிலுக்காகக் காத்திருந்ததுண்டா? ஒரு வண்டி போய் அடுத்தது வரும்வரை பிளாட்பாரத்தில் அரவமே இராது. "ரயில்வேக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள்!" என்று நீங்களும் சொல்லியிருப்பீர்கள்.

அந்த அமைதிக்கும் ஒரு கணக்கு உண்டு, கேளுங்கள்! சோழவந்தான் இருப்பது மெயின் லைன், வண்டிகள் அதிகம். மதுரையிலிருந்து போடி போகும் பாதையிலோ விரல் விட்டு எண்ணிவிடலாம். இரண்டு இடத்துக் கேட்மேன்களுக்கும் அதே கேட், அதே கொடி. வேலை நேரமும் ஒன்றாகவே இருக்க வேண்டுமா?

வேலையின் பளுவைப் பார்த்துத்தான் நேரம் என்கிறது 1989-ம் வருஷத்து ரயில்வே சட்டம். மூச்சு விட நேரமில்லாத வேலைக்கு வாரம் சராசரி 45 மணி. சாதாரண வேலைக்கு 54. விட்டு விட்டு வருகிற வேலைக்கு 75 வரை! 1930-ல் இந்தக் கடைசி ரகத்துக்கு 84 மணி என்று வைத்திருந்தார்கள். 1947-ல் நீதிபதி ராஜாத்யக்ஷா அளித்த தீர்ப்பில்தான் அது 75-க்கு இறங்கியது.

எது விட்டு விட்டு வருகிற வேலை? 12 மணி டியூட்டியில் பாதியாவது சும்மா இருக்க வேண்டும். அதிலும் ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல், அல்லது அரை அரை மணியாக இரண்டு தடவை. 72 மணி நேரத்துக்குச் சராசரி பார்ப்பார்கள். ஒருவர் கடிகாரமும் நோட்டுமாகப் பக்கத்தில் உட்கார்ந்து, இன்ன நேரத்துக்குக் கேட் அடைத்தார், இன்ன நேரத்துக்குத் திறந்தார் என்று எழுதிக்கொண்டே இருப்பார். மாமியார்கூட அப்படிக் கண்காணிக்க மாட்டாள்!

ஆனால் அடுப்பில் பால் வைத்துவிட்டு நிற்கிறீர்களே, அது சும்மா இருப்பதா? கை வேலை செய்யவில்லை, கண் அகலுகிறதா? சட்டமும் இதை அறியும். உடம்பும் அசையக்கூடாது, இடைவிடாத கவனமும் தேவைப்படக்கூடாது. அப்போதுதான் அது சும்மா இருக்கிற நேரம். சச்சரவு பிறப்பதும் இங்கேதான். டெலிபோன் மணிக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருப்பது கவனமா, ஓய்வா? நோட்டுப் புத்தகத்தில் அந்த இடம் வெறுமையாகத்தானே இருக்கும்! என்னைக் கேட்டால், அதைக் கவனம் என்றே எழுதுவேன்.

வீட்டிலிருப்பவளுக்கோ எப்படி எழுதினாலும் ஒன்றுதான். கணவர் 12 மணி நேரம் வீட்டில் இல்லை. 1974 மே மாதம் நடந்த மாபெரும் ரயில்வே வேலைநிறுத்தத்தில், நாளுக்கு 8 மணி நேர வேலை வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கை.

தம் வேலையைத் தவறான ரகத்தில் சேர்த்துவிட்டார்கள் என்று நினைக்கும் சிப்பந்தி, மத்திய சர்க்காரின் மண்டல லேபர் கமிஷனரிடம் முறையிடலாம். பால் பொங்காமல் பார்த்துக்கொள்கிறவர்களுக்குத்தான் அப்படி ஒரு கமிஷனர் இல்லை!