சலங்கை கட்ட என்ன அவசரம்?

விஜயதசமி நெருங்கினால் கடலூரிலும் சிதம்பரத்திலும் நாட்டிய வகுப்பு நடத்துபவர்களிடம் இரண்டு கேள்விகள் தவறாமல் வரும். "பாப்பாவுக்கு நாலு வயசு முடிஞ்சிருச்சு, இப்பவே சேர்த்துடலாமா டீச்சர்?" என்பது ஒன்று. பிள்ளையைச் சேர்த்துவிட்டுக் கிளம்பும்போது தயங்கித் தயங்கிக் கேட்பது இன்னொன்று: "எனக்கும் ஆசைதான், முப்பத்தஞ்சு ஆயிருச்சு. இனிமே உடம்பு வளையுமா?" முதல் கேள்வியில் பதற்றம், இரண்டாவதில் கூச்சம். இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே நம்பிக்கைதான்: குறிப்பிட்ட வயதைத் தவறவிட்டால் நாட்டியம் கைகூடாது. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்ற பழமொழியும் துணைக்கு வந்துவிடும். பரதமானாலும் சரி, கைபேசியில் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் இப்போது கேட்கத் தொடங்கியிருக்கும் பாலேயானாலும் சரி, அந்த நம்பிக்கை பாதிதான் உண்மை. தாமதமாகத் தொடங்குவதால் வரும் நஷ்டம் சிறிது, அவசரப்படுத்துவதால் வரும் நஷ்டம் பெரிது என்பதே என் கட்சி.

இதற்கு முதல் சாட்சி, பாலே, பரதம் இரண்டையுமே வளர்ந்த பிறகு தொடங்கிய ருக்மிணி தேவி அருண்டேல். 1904இல் மதுரையில் பிறந்தவர். ரஷ்ய பாலே நட்சத்திரம் அன்னா பாவ்லோவாவின் ஆட்டத்தில் மயங்கி, ஆஸ்திரேலியாவுக்குச் சென்ற கப்பலில் அவரோடு பழகி, அவருடைய குழுவைச் சேர்ந்த கிளியோ நார்டியிடம் பாலே கற்றுக்கொண்டபோது ருக்மிணி தேவிக்கு இருபது வயது தாண்டியிருந்தது. உன் நாட்டுக் கலையையும் தேடிப் பார் என்று பாவ்லோவா தூண்டினார். 1933இல் சென்னை மியூசிக் அகாதெமியில் பரதத்தின் முந்தைய வடிவமான சதிரைப் பந்தநல்லூர் வழியில் பார்த்த பிறகு, மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் பாடம் கேட்டார். பந்தநல்லூர் ஒன்றும் தொலைவில்லை, சிதம்பரத்துக்காரர்கள் கொள்ளிடத்தைத் தாண்டினால் எட்டிவிடும் ஊர். 1935 டிசம்பரில் அடையாற்றில் மேடையேறியபோது அவருக்கு வயது 31. அடுத்த மாதமே அவருடைய கலைப்பள்ளியான கலாக்ஷேத்திரத்தின் கதை தொடங்கிவிட்டது. வசதியும் செல்வாக்கும் உள்ளவர், தலைசிறந்த ஆசான் வீடு தேடி வந்து கற்றுக்கொடுத்தார், அவரோடு நம்மை ஒப்பிடலாமா என்று கேட்பது நியாயம். ஆனால் பணம் ஆசானைக் கொண்டுவந்து நிறுத்தும். முப்பது வயது முழங்காலை அரைமண்டியில், அதாவது பாதி உட்கார்ந்த நிலையில், இறக்குவதற்குப் பணத்தால் ஆவதில்லை. அதைத் தினசரிப் பயிற்சிதான் செய்தது.

"அப்படியானால் பாலசரஸ்வதி?" என்று எதிர்க்கேள்வி வரும். வர வேண்டும். 1918இல் பிறந்த அந்தப் பரதக் கலைஞர் மழலை மாறாத வயதில் நட்டுவனார் கந்தப்பப் பிள்ளையிடம் பாடம் தொடங்கி, ஏழு வயதில் காஞ்சிபுரத்தில் அரங்கேறியவர். சிறுவயதுத் தொடக்கத்துக்கு இதைவிடப் பெரிய சான்று கிடையாது. ஆனால் அந்தக் குழந்தை எந்த வீட்டில் வளர்ந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பாட்டி வீணை தனம்மாள், தாய் ஜெயம்மாள் பாடகி. தாளமும் ராகமும் வீட்டுப் பேச்சாகவே காதில் விழுந்துகொண்டிருந்தன, கண்டிப்பான நட்டுவனாரின் பயிற்சி நாள் தவறாமல் நடந்தது. வாரத்துக்கு இரண்டு மணி நேர வகுப்பில் பிள்ளையை விட்டுவிட்டு, "பாலா ஏழு வயதில் ஆடவில்லையா?" என்று கேட்பது, அந்த வரலாற்றில் வயதை மட்டும் உருவிக்கொண்டு வருவது. அங்கே சீக்கிரம் தொடங்கினார்கள் என்பது உண்மை. ஒரு படியையும் தாண்டிக் குதிக்கவில்லை என்பதும் அதே அளவு உண்மை.

உடம்பின் கணக்கைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். பாலேயில் பெண்கள் விரல்நுனியில் நிற்பதற்கென்று ஒரு காலணி உண்டு. துணி அடுக்குகளைப் பசை வைத்து இறுக்கிய முனை, அடியில் விறைப்பான பட்டை. உடல் எடை முழுவதும் அந்தச் சின்ன முனையில் வந்து இறங்கும். பாதத்தின் எலும்புகள் அதற்கு முன் ஓரளவு முற்றியிருக்க வேண்டும், கணுக்காலும் வயிற்றுத் தசையும் தாங்க வேண்டும். அதனால்தான் பொறுப்பான பாலே ஆசிரியர்கள் ஐந்து வயதில் சேரும் பிள்ளைக்கும் பதினொன்று, பன்னிரண்டு வயதில்தான், அதுவும் சில ஆண்டு அடிப்படைப் பயிற்சி முடிந்த பிறகே, அந்தக் காலணியைக் கொடுக்கிறார்கள். நம் பரதத்தில் இப்படி எழுதிவைத்த எல்லைக்கோடு இல்லை, ஆனால் ஆபத்து அதே இடத்தில்தான் இருக்கிறது. அரைமண்டியில் உட்காரும் ஒரு குழந்தையின் காலைக் கவனியுங்கள். பாதங்கள் இரண்டும் பக்கவாட்டில் நன்றாக விரிந்திருக்கும், முழங்கால்களோ முன்னால் சரிந்து பெருவிரலுக்கு உள்ளே விழுந்துகொண்டிருக்கும். பார்க்கிறவர்களுக்கு அழகுதான். தொடை எலும்பு இடுப்புக் குழியில் சுழல வேண்டிய சுழற்சியை முழங்காலும் கணுக்காலும் திருகிச் சமாளிக்கின்றன என்பதே அதன் பொருள். ஆசிரியர் அங்கேயே தாளம் தட்டும் தட்டுக்கழியை நிறுத்தி, பாதத்தைக் கொஞ்சம் உள்ளே கொண்டுவரச் சொல்லி, முழங்கால் விரல்களுக்கு நேர்மேலே வந்த பிறகு தட்டடவைத் தொடர வேண்டும். பாலே ஆசிரியரும் தன் முதல் பாடத்தில் இதையேதான் திருத்துவார். சிதம்பரம் நடராசர் கோயில் கோபுர வாயில்களின் உட்சுவரில் நாட்டிய நிலைகளான 108 கரணங்களைக் காட்டும் சிற்பங்களிலும் பெரும்பாலானவற்றில் முழங்கால்கள் இடுப்பிலிருந்தே வெளிப்புறம் திறந்திருக்கின்றன. சிற்பியின் உளி பார்த்த அளவுக்குச் சில வகுப்புகளின் கண் பார்ப்பதில்லை.

இந்த இடத்தில்தான் அவசரம் உள்ளே நுழைகிறது. 1981 முதல் மகாசிவராத்திரியையொட்டி நடந்துவரும் நாட்டியாஞ்சலி விழா சிதம்பரத்துக்குப் பெரும் பெருமை. ஆனால் சிதம்பரத்தில் ஆட வேண்டும் என்ற ஆசை பல வீடுகளில் ஒரு கெடுவாக மாறிவிடுகிறது. அடிப்படை அடவுகள் மெதுவான முதற்காலத்தில் நிலைக்கும் முன்பே விரைவான மூன்றாம் காலம், முதல் உருப்படியான அலாரிப்பு உறைக்கும் முன்பே சினிமாப் பாட்டுக்கு ஒரு உருப்படி, பிறகு புடவை, நகை, புகைப்படக்காரர். மேடை இல்லாவிட்டால் பிள்ளைக்கு ஆர்வம் போய்விடாதா என்பார்கள். போகத்தான் செய்யும், குழந்தைக்குக் கைதட்டல் வேண்டும். வகுப்பிலேயே பெற்றோர் முன்னால் பத்து நிமிடம் அடவு ஆடிக் காட்டினால் அந்தப் பசி தீரும்.

பெரியவர்கள் பக்கம் வருவோம். மிஸ்டி கோப்லண்ட் பதின்மூன்று வயதில் பாலே தொடங்கி, 2015இல் அமெரிக்கன் பாலே தியேட்டரின் முதன்மை நடனக் கலைஞரானார். ருடால்ஃப் நூரியெவ் ஊரில் நாட்டுப்புற ஆட்டமும் கொஞ்சம் பாலேயும் ஆடிவிட்டு, லெனின்கிராட் பள்ளியில் முறையாகச் சேர்ந்தது 17 வயதில். இவர்கள் விதிவிலக்குகள், அதிலும் பதின்வயதினர். முப்பத்தைந்து வயதுக்காரருக்கு இவர்களைக் காட்டி நம்பிக்கையூட்டினால் அது ஏமாற்று. அவர் தொழில்முறைக் கலைஞராக வருவது அநேகமாக நடக்காது, இடுப்பு திறக்கும் அளவும் இளமையில் கிடைத்திருக்கக்கூடிய அளவுக்கு வராது. ஆனால் அவர் வகுப்புக்கு வருவது அதற்காகவா? தாளம் பிடிபட, நிமிர்ந்து நிற்க, ஒரு பதத்தின் பொருளை முகத்தில் கொண்டுவர ஆசைப்பட்டுத்தான் வருகிறார். அபிநயத்தில் அவர் பக்கமே தராசு சாயும், ஏக்கத்தை ஏழு வயதுக் குழந்தைக்குச் சொல்லிக்கொடுத்து வருவதில்லை. நியூயார்க்கில் 75 வயதைக் கடந்த 469 பேரைத் தொடர்ந்து கவனித்து 2003இல் வெளியான ஆய்வில், உடல் அசைவுப் பழக்கங்களுள் நடனம் ஒன்றே மறதிநோய் குறைவோடு தொடர்புபட்டிருந்தது. அங்கே ஆடியது பரதமும் பாலேயும் இல்லை என்பதால் இதை மருந்துச்சீட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. முழங்கால் வலியோ முதுகுவலியோ உள்ளவர் முதலில் மருத்துவரைக் கேட்டுவிட்டு வருவதே முறை. சிமெண்டுத் தரையில் ஓங்கித் தட்டுவதும், முதல் மாதமே முழுமண்டியில் இறங்குவதும் அவருக்கு ஆகாது.

எங்கே சேர்வது? பரதத்துக்கு எங்கும் ஆசிரியர் கிடைப்பதுபோல் பாலேக்கு நம் பக்கம் கிடைப்பதில்லை. காணொளியைப் பார்த்து நீட்டி மடக்கும் பயிற்சி செய்யலாம், விரல்நுனிக் காலணியை மட்டும் இணையத்தில் வாங்கி மாட்டிவிடக் கூடாது. பரதத்தில் தொடங்கி பின்னால் பாலேக்குப் போகிறவருக்கு இடுப்புத் திறப்பும் தாளக்கட்டும் கைகொடுக்கும். தரையை அறைந்து மிதிக்கும் பழக்கத்தை மட்டும் மாற்றிக்கொண்டாக வேண்டும், ஏனென்றால் பாலேயில் குதித்து இறங்கும்போது ஓசை வரக் கூடாது. கடலூரில் உள்ள மாவட்ட அரசு இசைப்பள்ளியில் பரதநாட்டியம் மூன்றாண்டுப் படிப்பு. சேரும் வயது 12 முதல் 25 வரை. பன்னிரண்டு வயதில் தொடங்கினால் தாமதம் என்று நினைப்பவர்கள் இந்த விதியைப் படிக்க வேண்டும். இன்னும் சிறியவர்களுக்கு ஜவகர் சிறுவர் மன்றம் இருக்கிறது. தனியார் வகுப்பானால் கட்டணத்தை விசாரிக்கும் முன் ஒரு நாள் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். ஆசிரியர் எத்தனை முறை பாட்டை நிறுத்திக் காலைத் திருத்துகிறார் என்பதை எண்ணுங்கள். மேடை எப்போது என்று கேட்டு, "ஆறே மாசத்துல ஏத்திடலாம்" என்று பதில் வந்தால், நன்றி சொல்லிவிட்டு அடுத்த தெருவில் விசாரிக்கலாம்.