கொக்கி முதலில் கடலைத் தொடட்டும்

மீட்பு ஹெலிகாப்டர் வீடியோ ஒன்றைப் பார்த்த குளச்சல் வாசகர் கேட்டிருக்கிறார்: "தத்தளிப்பவருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் கொக்கி வந்தும், அதை ஏன் முதலில் தண்ணீரில் முக்குகிறார்கள்?"

சுழலும் இறக்கைகள் காற்றையும் தூசியையும் மழைத்துளியையும் உரசுவதால் ஹெலிகாப்டரில் மின்னேற்றம் சேர்ந்துவிடும். கொக்கி கடலையோ தரையையோ தொட்டால் அந்த மின்னேற்றம் அங்கே இறங்கிவிடும். அதற்குள் அவசரப்பட்டுப் பிடித்தால் நம் உடல் வழியே இறங்கும். ஆளைத் தூக்கிவாரிப் போடும்.

எனக்குப் பெரிய வியப்பு வேறு. விமானிக்குத் தனக்கு நேர் கீழே மிதப்பவர் தெரியவே மாட்டார். கதவோரம் குனிந்து பார்த்தபடி, கொக்கியுள்ள கம்பிவடத்தை ஏற்றி இறக்கும் விஞ்சை இயக்குபவரின் குரல்தான் அவருக்குக் கண். "முன்னே பத்து... ஐந்து... மூன்று... நில்." என் அப்பா பேருந்து நடத்துநர். இரவில் டெப்போவுக்குள் வண்டி பின்னால் வரும்போது தகரத்தைத் தட்டிக்கொண்டே "வா, வா, வா... ஹோல்டான்!" என்பார். ஓட்டுநர் தலையைத் திருப்பியதே இல்லை. அந்த நம்பிக்கைதான் இங்கேயும். ஆனால் டெப்போவில் சுவர் அசையாது. கடலில் கண்ணுக்குப் படுவதெல்லாம் அசையும். எனவே எந்தச் சொல், எந்த வரிசை, எந்தத் தொனி என்பதுவரை வரையறுத்து, திரும்பத் திரும்பப் பழக்குகிறார்கள். முன்பின் அறியாத இருவரும் அந்தச் சொற்களை வைத்துச் சேர்ந்து பறக்க முடியவேண்டும்.

இதன் தொடக்கமே சுலபமாக இருக்கவில்லை. விஞ்ச் மூலம் ஹெலிகாப்டர் செய்த முதல் மீட்பு, 1945 நவம்பர் 29 அன்று அமெரிக்காவின் கனெக்டிகட் கரையோரம் நடந்தது. புயலில் பாறைமேல் ஏறிய சரக்குத் தோணியிலிருந்து இருவரைத் தூக்கினார்கள். விஞ்ச் சிக்கிக்கொண்டதால் இரண்டாமவர் வெளியே தொங்கியபடியே கரை சேர்ந்தார்.

இன்று மேலே இருப்பவர்களுக்கு இத்தனை பயிற்சி. கீழே இருப்பவருக்கு? 2017இல் ஒக்கி புயல் நம் மீனவர்களைப் பட வைத்த பாட்டுக்குப் பிறகும், கம்பிவடத்தைப் படகில் கட்டக்கூடாது என்பது எத்தனை துறைமுகங்களில் சொல்லப்படுகிறது? அக்குளுக்கடியில் பட்டையை மாட்டித் தூக்கும்போது, நன்றியில் கையைத் தூக்கினால் பட்டை நழுவிவிடும். கைகள் விலாவோடு ஒட்டியே இருக்க வேண்டும். உயிர்காப்பு மிதவைச் சட்டை தரும் அதே நாளில் இதையும் செய்து காட்ட அரை மணி நேரம் போதும். மீன்வளத் துறை இதைக் கட்டாயமாக்க வேண்டும்.

குளச்சல் நண்பரே, இதை உங்கள் ஊரில் நாலு பேருக்குச் சொல்லுங்கள். கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல்படையை அழைக்கும் எண் 1554.