முதலெழுத்துக்கள் சொல்லித்தரும் ஆங்கிலம்

சமணரான மண்டலபுருடர் இயற்றிய சூடாமணி நிகண்டின் 11-ஆம் தொகுதி, சொற்களை எதுகைப்படி, அதாவது இரண்டாம் எழுத்து ஒன்றி வரும்படி அடுக்கித் தருகிறது. ஒன்றைச் சொன்னால் அடுத்தது தானே நாவில் வரும். ஆங்கிலத்தில் உயர்நிலைச் சொற்களைப் பயில்வோர்க்கு முதலெழுத்துக்கள் இவ்வாறே கைகொடுக்கும்.

'சர்க்கம்' என்று தொடங்கும் சொற்களைப் பார்ப்போம். ஆங்கிலத்தில் ஆறெழுத்தாக எழுதப்படும் இந்த லத்தீன் முன்னொட்டுக்குச் 'சுற்றி' என்று பொருள். சர்க்கம்ஃபரன்ஸ் என்றால் சுற்றளவு. சர்க்கம்லொக்யூஷன் என்றால் சுற்றி வளைத்துப் பேசுவது. சுற்றுமுற்றும் பார்த்து நடப்பவர் சர்க்கம்ஸ்பெக்ட். சட்டத்துக்கு நேரே போகாமல் சுற்றிக்கொண்டு போவது சர்க்கம்வென்ட். பாருங்கள், நாம் வீட்டில் பேசுகிற தமிழே நான்குக்கும் உரை சொல்லிவிடுகிறது!

ஆனால் எழுத்தை மட்டும் நம்பிவிடக் கூடாது. ஆன்டிசெப்டிக் என்பதில் 'ஆன்டி'க்கு 'எதிர்' என்று பொருள். அதே எழுத்துக்களோடு தொடங்கும் ஆன்டிசிபேட் என்பதிலோ அது 'முன்'. வரப்போவதை முன்னதாகவே உணர்தல். ஆகவே அகராதியில் சொல்லின் மூலத்தையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ள வேண்டும்.

வெளிமாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு நான்கு சொல் போதும். பொருளைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். ஆங்கிலமும் வளரும், தமிழும் வீட்டை விட்டுப் போகாது.