மரப்பலகைகளில் அடுக்குக் கறை

அறுத்த ஈரப் பலகைகளை உலர்த்துவதற்காக அடுக்கி வைக்கும்போது அவற்றில் உண்டாகும் நிறமாற்றம் அடுக்குக் கறை ஆகும். இதனால் பலகையின் வலிமை பெரிதாகக் குறைவதில்லை. ஆனால் வெளிர்நிற மரங்களில் விலை சரிந்துவிடும். மேசை, நாற்காலிக்கு உரிய பலகை பெட்டி அடிக்கத்தான் பயன்படும்.

நீலக்கறை

கறைகளுள் பரவலானது நீலக்கறைப் பூஞ்சைகளால் வருவது. மரத்தை அழுகச் செய்யும் பூஞ்சைகள் செல்சுவரையே உண்கின்றன. நீலக்கறைப் பூஞ்சைகளோ செல்களுக்குள் சேமிக்கப்பட்டுள்ள மாவுச்சத்தையும் சர்க்கரையையும் மட்டுமே நாடுகின்றன. அதனால்தான் வலிமை ஏறத்தாழ அப்படியே இருக்கிறது. இவற்றின் இழைகள் கருநிறமானவை. மரத்தினூடே பார்க்கும்போது நீலச் சாம்பல் நிறமாகத் தெரியும். உணவு மிகுந்த சாற்றுக்கட்டையே இவற்றின் இருப்பிடம். வைரக்கட்டையில் இவை அரிதாகவே வளரும்.

ரப்பர் மரம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கேரளத்திலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் பால் வற்றிய மரங்கள் 25 முதல் 30 ஆண்டுகளில் வெட்டப்படுகின்றன. இம்மரத்தில் தனியே வைரம் என்று பிரித்துக் காண ஏதுமில்லை, மாவுச்சத்தும் மிகுதி. வெட்டிய சில நாட்களிலேயே நீலம் பாய்ந்துவிடும். ஆகவே வெட்டிய மரத்தைத் தோட்டத்தில் கிடக்கவிடாமல் உடனே அறுத்து, ஓரிரு நாட்களுக்குள் மருந்து ஏற்றுவார்கள். போரிக் அமிலமும் போராக்சும் கலந்த கரைசலை அழுத்தத் தொட்டியில் செலுத்துவது வழக்கம். இது முதன்மையாக மரத்தைத் துளைக்கும் வண்டுகளுக்கு எதிரானது. நீலக்கறைக்கு எதிராகத் தனிப் பூஞ்சைக்கொல்லியையும் சேர்ப்பதுண்டு. முன்னர் இதற்குச் சோடியம் பென்டாகுளோரோபீனேட் பெரிதும் பயன்பட்டது. தொழிலாளரின் தோல் வழியே உடலில் ஏறும் நஞ்சு அது. பென்டாகுளோரோபீனாலும் அதன் உப்புகளும் 2015இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

மருந்து இல்லாமலும் பூஞ்சையைத் தடுக்கலாம். பலகையின் ஈரம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் பூஞ்சை வளராது. எதிர்முனையில், முழுவதும் நீரில் மூழ்கிய மரத்திலும் வளராது. அங்கே அதற்கு உயிர்வளி கிடைப்பதில்லை. உடனே அறுக்க முடியாத மரங்களைக் குளத்தில் போட்டு வைப்பது இக்காரணத்தால் பொருள் உடையது. பாதி நனைந்து பாதி காய்ந்து கிடக்கும் மரத்துக்கே ஆபத்து அதிகம்.

ரீப்பர் தடம்

அடுக்கில் பலகைகளுக்கு நடுவே காற்றோட்டத்துக்காகக் குறுக்கே வைக்கும் சிறு சட்டங்களைத் தச்சர்கள் ரீப்பர் என்பர். ரீப்பர் தொடும் இடம் மட்டும் மெதுவாக உலர்வதால் அங்கே ஈரம் தங்கி, பட்டை பட்டையாகக் கறை விழும். பூஞ்சை இல்லாமலேயே, மரச்சாற்றிலுள்ள பொருள்கள் காற்றுடன் வினைபுரிவதாலும் இது நேரும். மேற்பரப்பில் தெரியாமல் இருந்து, இழைத்த பிறகு வெளிப்படுவதும் உண்டு. வாங்கியவருக்கும் விற்றவருக்கும் சச்சரவு வருவது பெரும்பாலும் இங்கேதான்.

இதைத் தவிர்க்க ரீப்பர் நன்கு உலர்ந்ததாக இருக்க வேண்டும். அறுக்கும்போது விழும் பச்சைத் துண்டுகளையே ரீப்பராக வைப்பது பரவலான தவறு. பட்டை ஒட்டிய துண்டும் ஆகாது. 20 முதல் 25 மி.மீ. கனமும், எல்லாம் ஒரே அளவும் போதுமானவை. தொடும் பரப்பைக் குறைக்க, முகப்பில் பள்ளம் வெட்டிய ரீப்பர்களும் பயன்படுகின்றன. ஏறத்தாழ 45 முதல் 60 செ.மீ. இடைவெளியில், ஒன்றின் மேல் ஒன்று நேராக வருமாறு வைக்க வேண்டும். விலகினால் பலகை வளையும்.

அடுக்கைத் தரையிலிருந்து 30 செ.மீ. அளவாவது உயர்த்தி, மேலே கூரை போட்டு, பக்கங்களைத் திறந்தே விட வேண்டும். மழைக்காலத்தில் தார்ப்பாயால் இறுகப் போர்த்துவது நன்மை போலத் தோன்றும். உண்மையில் உள்ளே புழுக்கம் கூடி பூஞ்சைக்கு வசதியாகிவிடும்.

இரும்புக் கறை

டானின் மிகுந்த ஓக் போன்ற மரங்களில், ஈரத்தோடு இரும்பு படும் இடம் கருநீலமாகும். கடுக்காயும் அன்னபேதியும் சேர்ந்து மையாகும் அதே வினை இது. ஆணி, கம்பி, துருப்பிடித்த தாங்கி ஆகியவை ஈரப் பலகையில் படாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

விழுந்த கறைகளுள் ஆக்சாலிக் அமிலக் கரைசலால் ஓரளவு நீங்குவது இரும்புக் கறையே. இந்த அமிலம் நஞ்சு என்பதால் கையுறை தேவை. நீலக்கறை ஆழமாகப் பாய்வதால் இழைத்தாலும் போகாது. அத்தகைய பலகைகளுக்கு அடர்நிறச் சாயம் பூசி மறைப்பார்கள்.