கரண்டிக்குள் தலைகீழாக நிற்பது யார்?

குட்டீஸ்! சாம்பார் ஊற்றும் எவர்சில்வர் குழிக்கரண்டியைக் கழுவித் துடைத்து எடுத்துக்கொள்ளுங்கள். குழிந்த பக்கத்தை முகத்துக்கு நேராகப் பிடியுங்கள். அட, நீங்கள் தலைகீழாக நிற்கிறீர்கள்! இப்போது கரண்டியைத் திருப்பி, அதன் முதுகைப் பாருங்கள். நேராகத்தான் தெரிவீர்கள், ஆனால், முகம் சின்னதாகி, மூக்கு மட்டும் புடைத்துக்கொண்டு நிற்கும். ஒரே கரண்டிக்குள் எப்படி இரண்டு முகம்?

கரண்டியின் குழிந்த பக்கம் ஒரு குழியாடி. உங்கள் நெற்றியிலிருந்து கிளம்பும் ஒளிக்கதிர்கள் அதன் மேல் பரவலாக வந்து விழுகின்றன. குழியாடி அவற்றை மடக்கித் திருப்பி, கீழே ஓரிடத்தில் ஒன்று சேர்க்கிறது. முகவாயிலிருந்து வரும் கதிர்கள் மேலே சேருகின்றன. மேலே இருப்பது கீழும், கீழே இருப்பது மேலுமாக மாறிவிட்டதா? அதுதான் தலைகீழ் முகம். இன்னொரு வேடிக்கை தெரியுமா? அந்த முகம் கரண்டிக்கு உள்ளே இல்லை. கரண்டியின் பரப்புக்குச் சற்று முன்னால், வெறும் காற்றில்தான் உருவாகிறது! கதிர்கள் அங்கே நிஜமாகவே சந்திப்பதால், இதற்கு மெய் பிம்பம் என்று பெயர்.

கரண்டியின் முதுகு ஒரு குவியாடி. அதில் படும் கதிர்கள் விரிந்து சிதறிப் போகின்றன, எங்கேயும் சந்திப்பதில்லை. ஆனால், நம் கண்ணும் மூளையும் ஒளி எப்போதும் நேராகத்தான் வந்திருக்கும் என்று நம்புகிறவை. விரிந்து வரும் கதிர்களைப் பின்பக்கமாக நீட்டி, 'கரண்டிக்குப் பின்னால் ஒரு குட்டி முகம் இருக்கிறது' என்று முடிவு செய்துவிடுகின்றன. அங்கே போய்ப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. இதுதான் மாய பிம்பம். தலைவாரும்போது பார்க்கிறீர்களே, அந்த நிலைக்கண்ணாடியில் தெரிவதும் மாய பிம்பம்தான்.

மோட்டார் சைக்கிளில் பின்னால் வரும் வண்டிகளைக் காட்டும் கண்ணாடியும் பெரும்பாலும் குவியாடியே. சின்னக் கண்ணாடிக்குள் அகலமான சாலை அடங்கிவிடும். ஆனால், லாரி சிறிதாகத் தெரிவதால், தொலைவில் வருவதுபோலத் தோன்றும். நிஜத்தில் அது பக்கத்தில் வந்திருக்கும்!

மெய் பிம்பத்தை நம்மால் பிடிக்கவும் முடியும். பூதக்கண்ணாடி என்கிற குவிலென்ஸ் ஒன்று வேண்டும். பகலில் அறை விளக்கை அணைத்துவிட்டு, ஜன்னலுக்கு எதிர்ச் சுவர் அருகே லென்ஸைப் பிடித்து, மெதுவாக முன்னும் பின்னும் நகர்த்துங்கள். ஓரிடத்தில், வெளியே உள்ள மரமும் வானமும் வண்ணத்தோடு தலைகீழாகச் சுவரில் விழும். இலை ஆடினால் படமும் ஆடும்! அதே லென்ஸைப் புத்தகத்தின் எழுத்துக்கு மிக அருகில் வைத்துப் பாருங்கள். எழுத்து நேராக, பெரிதாகத் தெரியும். அது மாய பிம்பம். எந்தக் காகிதத்தை நீட்டினாலும் பிடிபடாது. (லென்ஸ் வழியாகச் சூரியனை மட்டும் பார்க்கவே கூடாது. கண் கெட்டுவிடும்.)

சுவரில் விழுந்த அந்தப் படம்போல, உங்கள் கண்ணுக்குள்ளும் இப்போது ஒரு தலைகீழ்ப் படம் விழுந்துகொண்டிருக்கிறது. கண்ணின் பின்புறத்தில் உள்ள விழித்திரைதான் அதன் சுவர். ஜெர்மானிய அறிஞர் கெப்ளர், 1604ல் வெளியிட்ட நூலில் இதை விளக்கினார். தலைகீழ்ப் படத்தை வைத்துக்கொண்டே உலகத்தை நேராகப் புரிந்துகொள்கிறது மூளை. சிலருக்கு, கதிர்கள் விழித்திரைக்கு முன்பே சந்தித்துவிடும். கரும்பலகையில் உள்ள எழுத்து மங்கிவிடும். குழிலென்ஸ் போட்ட மூக்குக்கண்ணாடி கதிர்களைக் கொஞ்சம் விரித்து அனுப்பும். சந்திப்பு, விழித்திரைக்குத் தள்ளிப்போகும். எழுத்து பளிச்!

வானத்தில் சுற்றும் ஒரு தொலைநோக்கிக்கே இப்படிப் பார்வைக் கோளாறு வந்தது. 1990 ஏப்ரலில் விண்ணுக்குப் போன ஹப்பிள் தொலைநோக்கியின் முக்கிய உறுப்பு, 2.4 மீட்டர் அகலமுள்ள குழியாடி. நட்சத்திர ஒளியைச் சேர்த்து மெய் பிம்பமாக்குவது அதன் வேலை. ஆனால், வந்த படங்கள் மங்கலாக இருந்தன. விஞ்ஞானிகளுக்குப் பெரிய அதிர்ச்சி!

ஆராய்ந்தபோது காரணம் தெரிந்தது. ஆடியின் விளிம்பை, தேவைக்கு மேல் தட்டையாகத் தேய்த்துவிட்டார்கள். எவ்வளவு தெரியுமா? தலைமுடியின் கனத்தில் ஐம்பதில் ஒரு பங்கு அளவுக்குத்தான்! வளைவைச் சோதித்த கருவியில் ஒரு லென்ஸ் 1.3 மில்லிமீட்டர் இடம் மாறி இருந்ததால் வந்த வினை. விளிம்பில் பட்ட கதிர்கள் ஓரிடத்திலும், நடுவில் பட்டவை வேறிடத்திலும் சந்தித்தன. பிறகு படம் எப்படித் தெளிவாக இருக்கும்?

விண்வெளியில் சுற்றும் பெரிய ஆடியை அங்கேயே கழற்றி மாற்ற வழியில்லை. அதனால் 1993 டிசம்பரில், எண்டவர் விண்கலத்தில் போன வீரர்கள் ஐந்து முறை வெளியே மிதந்து வேலை செய்தார்கள். நாணயம் அளவே உள்ள சிறிய ஆடிகள் கொண்ட கருவியை உள்ளே பொருத்தினார்கள். 'காஸ்டார்' என்று அதற்குப் பெயர். கூடவே, குறையைத் தானே சரிசெய்துகொள்ளும் புதிய கேமராவையும் மாட்டினார்கள். அடுத்து வந்த படங்களில், மங்கல் திட்டாக இருந்த நட்சத்திரங்கள் கூரான புள்ளிகளாக மின்னின!

பிறகு பொருத்திய கருவிகள் எல்லாவற்றிலும் இந்தத் திருத்தத்தை முன்பே சேர்த்துவிட்டார்கள். அதனால் 2009ல் காஸ்டாரைக் கழற்றி, பூமிக்குக் கொண்டுவந்து, வாஷிங்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். தப்பாகத் தேய்த்த பெரிய ஆடி மட்டும் அப்படியே மேலே இருக்கிறது.