ஆடும் மாடும் கல்லூரியில் சேர்ந்த கதை

பரீட்சை எழுதாமல், சம்பளம் கட்டாமல், ஒரு நாள்கூட வகுப்பில் உட்காராமல் கல்லூரியில் பெரும் புகழ் சம்பாதிக்க முடியுமா? முடியும். ஆனால் அதற்கு நாலு கால் இருக்க வேண்டும்!

அமெரிக்கக் கல்லூரிகளில் ஒரு வெள்ளாடு அப்படிப் புகழ் பெற்றிருக்கிறது. ஒரு கோவேறு கழுதை பெற்றிருக்கிறது. ஒரு நாயும் ஒரு மாடும்கூடப் பெற்றிருக்கின்றன. படித்துப் பட்டம் வாங்கிய பிள்ளைகளில் பலரை ஊர் மறந்துவிட்டது. இந்தப் பிராணிகளை மறக்கவில்லை.

"இதென்ன கூத்து! கல்லூரிக்கும் ஆட்டுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கிறீர்கள் அல்லவா? சம்பந்தம் இருக்கிறது. வயது வந்த பிள்ளையைப் பஸ்ஸிலும் ரயிலிலும் கல்லூரிக்கு அனுப்பிவிட்டு, சாயங்காலம் வரையில் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் தாய்மார்கள் அதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். ஏன் என்பதைப் பிற்பாடு சொல்கிறேன்.

கால் ராசி

இந்தப் பிராணிகளுக்கு 'மாஸ்காட்' என்று பெயர். அந்த வார்த்தை பிரபலமான விதமே வேடிக்கையானது. 1880-ஆம் வருஷக் கடைசியில் பாரிஸ் நகரத்தில் எட்மான் ஓட்ரான் என்பவர் இசையமைத்த 'லா மாஸ்காட்' என்ற சங்கீத நாடகம் அரங்கேறியது. அதன் கதாநாயகி பண்ணையில் வான்கோழி மேய்க்கும் ஓர் ஏழைப் பெண். அவள் எந்த வீட்டில் இருக்கிறாளோ அந்த வீட்டில் அதிர்ஷ்டம் கொட்டும். அவளை எப்படியாவது தன் பக்கம் வைத்துக்கொள்ள வேண்டுமென்று பெரிய மனிதர்கள் எல்லாம் படாத பாடு படுகிறார்கள்.

நம் வீடுகளில் இதைக் 'கால் ராசி' என்போம். புது மருமகள் வந்த மாதத்தில் மாப்பிள்ளைக்கு உத்தியோக உயர்வு கிடைத்தால், "அவள் காலடி வைத்த வேளை" என்று சொல்வதில்லையா? அந்தச் சங்கதிதான். நாடகத்தில் பெண்ணுக்கு இருந்த ராசியை, பந்தயம் ஆடுகிறவர்கள் ஆட்டுக்கும் மாட்டுக்கும் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். ஒரு விதத்தில் நல்லதுதான். பந்தயம் தோற்றால் பழியையும் அந்தப் பிராணியே சுமந்துகொள்ளும்!

மயிலும் சேவலும்

இதெல்லாம் வெள்ளைக்காரர் கண்டுபிடித்த புதுமை என்று நினைத்துவிடாதீர்கள். திண்டிவனத்தில் ரயில் ஏறி விழுப்புரத்துக்குப் போகிறவர்கள் நடுவில் மயிலம் ஸ்டேஷனைப் பார்த்திருப்பீர்கள். அங்கே குன்றின் மேல் கோயில் கொண்டிருக்கும் முருகனுக்கு வாகனம் மயில், கொடியில் சேவல். அந்தப் பக்கத்துக் கிராமங்களில் திரௌபதி அம்மன் திருவிழாவில் விடிய விடியப் பாரதக் கூத்துப் பார்த்தவர்களுக்கு இன்னும் சொல்ல வேண்டியதில்லை. அர்ஜுனன் தேரில் அனுமக் கொடி. துரியோதனன் தேரில் பாம்புக் கொடி. யார் எந்தக் கட்சி என்பதைக் கொடியே சொல்லிவிடும்.

சேர சோழ பாண்டியர் கதையும் இதுவேதான். சேரனுக்கு வில், சோழனுக்குப் புலி, பாண்டியனுக்கு மீன். அக்கம்பக்கத்து ராஜ்யங்கள் மூன்று, சின்னங்கள் மூன்று, சண்டையோ ஓயாத சண்டை! சோழர் செப்பேடுகளைக் கோத்திருக்கும் வளையத்தின் முத்திரையைப் படத்திலாவது பாருங்கள். நடுவில் புலி உட்கார்ந்திருக்கும். பக்கத்தில் இரண்டு மீன்கள், வில்லும் இருக்கும். "உங்கள் சின்னங்கள் எங்கள் முத்திரைக்குள் வந்துவிட்டன, பார்த்தீர்களா?" என்று ராஜேந்திர சோழன் சொல்லாமல் சொல்கிறான். எதிரியின் சின்னத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதில் அவ்வளவு ஆனந்தம்!

ஆட்டுக்கு வந்த யோகம்

இப்போது அமெரிக்காவுக்குப் போவோம். யேல் சர்வகலாசாலை மாணவர் ஒருவர் 1889-இல் ஓர் இரும்புக் கொல்லரிடமிருந்து ஒரு புல்டாக் நாயை விலைக்கு வாங்கினார். பந்தயம் தொடங்கும் முன் அது மைதானத்தில் கம்பீரமாக நடந்து போகும். அந்த நாய் போய் எத்தனையோ தலைமுறை ஆகியும், அதே பெயரில் இன்னொரு நாயைக் கொண்டுவந்து பரம்பரையை விடாமல் நடத்திவருகிறார்கள்.

ஆட்டின் கதை இதைவிட ருசிகரமானது. தரைப்படை அதிகாரிகளைத் தயாரிக்கும் வெஸ்ட் பாயிண்ட் கல்லூரியும், கடற்படை அதிகாரிகளைத் தயாரிக்கும் அன்னாபொலிஸ் கல்லூரியும் 1890-இல் முதல் முறையாக அமெரிக்கக் கால்பந்து ஆடின. 1893-ஆம் வருஷப் பந்தயத்துக்குக் கடற்படைப் பிள்ளைகள் ஒரு வெள்ளாட்டை அழைத்து வந்தார்கள்; ஜெயித்தார்கள். ஆனால் அந்த வருஷம் மைதானத்தில் மூண்ட மனஸ்தாபம் பெரியவர்களையும் பிடித்துக்கொண்டது. தரைப்படைத் தளபதி ஒருவரும் கடற்படைத் தளபதி ஒருவரும் துவந்த யுத்தம் செய்யும் அளவுக்குப் போனார்கள் என்றுகூட ஒரு பேச்சு உண்டு. விளைவு, 1894 முதல் ஐந்து வருஷங்கள் பந்தயமே நடைபெறவில்லை.

1899-இல் மறுபடியும் ஆட்டம் தொடங்கியது. அந்தத் தடவை தரைப்படைப் பிள்ளைகள், "உங்களுக்கு ஆடு என்றால் எங்களுக்குக் கோவேறு கழுதை!" என்று ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். பீரங்கியும் மூட்டையும் சுமந்து அந்தக் காலத்துப் படைக்கு உழைத்த ஜீவன் அல்லவா அது? அதன் பிறகு ஆட்டைத் திருடுவதும், அதைக் காவல் காப்பதும், கண்டுபிடித்து மீட்பதும் அவர்களுக்கு ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது.

டெக்ஸாஸ் மாட்டின் விதி இவ்வளவு சுகமாக இல்லை. டெக்ஸாஸ் சர்வகலாசாலைப் பிள்ளைகள் 1916-இல் நீண்ட கொம்புள்ள ஓர் எருதைக் கொண்டுவந்தார்கள். முந்தின வருஷம் அவர்களைப் பதின்மூன்றுக்குப் பூஜ்யம் என்று தோற்கடித்திருந்தது டெக்ஸாஸ் ஏ அண்ட் எம் கல்லூரி. 1917-இல் அந்தக் கல்லூரிப் பிள்ளைகள் சிலர் ராத்திரியோடு ராத்திரியாக வந்து, பழுக்கக் காய்ச்சிய இரும்பால் அந்த எண்ணிக்கையை எருதின் விலாவில் சூடு போட்டுவிட்டுப் போனார்கள்! பிறகு அதற்குத் தீனி போட்டுக் கட்டுப்படியாகாமல் 1920-இல் விருந்தாகவே சமைத்துவிட்டார்கள். விருந்துக்கு எதிர்க் கல்லூரிக்காரர்களும் அழைக்கப்பட்டார்கள். சூடு போட்ட பக்கத்துத் தோலை அவர்களுக்கே வெகுமதியாகக் கொடுத்தார்களாம். ஐயோ பாவம், வாயில்லா ஜீவன்!

எருதுக்கு நேர்ந்தது அநியாயம்தான், சந்தேகமில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இரண்டு கல்லூரிகளின் ரோஷமும் ஒரு சின்னத்தின் மேல் போய் இறங்கியது. பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் கை வைக்காமல் வீடு திரும்பினார்கள். விருந்தில் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடவும் முடிந்தது.

வடக்கின் பெரும்போர்

நம் தமிழ்ப் பிள்ளைகளிடம் இப்படிப்பட்ட போட்டி உண்டா? யாழ்ப்பாணத்துக்கு வாருங்கள். அங்கே பெரிய பள்ளிக்கூடங்களையும் கல்லூரி என்றுதான் சொல்வார்கள். 1816-இல் பிறந்தது யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி. 1823-இல் பிறந்தது பரி. யோவான் கல்லூரி. இரண்டும் ஒரே பட்டணத்தில் இருக்கின்றன. 1904-இல் இரண்டும் முதல் முதலாகக் கிரிக்கெட் ஆடின. அந்தப் பந்தயத்துக்கு ஊரார் வைத்திருக்கும் பெயர் 'வடக்கின் பெரும்போர்'.

பந்தய நாள் வந்துவிட்டால் பட்டணமே தேர்த் திருவிழாக் கோலம் பூண்டுவிடும். கொடியும் கொட்டு முழக்கமுமாகப் பிள்ளைகள் வீதியில் வருவார்கள். கடல் கடந்து போய்க் குடியேறிய பழைய மாணவர்கள் லீவு போட்டுவிட்டு ஓடி வருவார்கள். அப்பா ஒரு கல்லூரி, மாமா எதிர்க் கல்லூரி என்றால் அந்த மூன்று நாளும் வீட்டில் சமையற்கட்டு வரைக்கும் கட்சி பிரிந்துவிடும்!

பிறகு நிஜமான யுத்தம் வந்தது. உள்நாட்டுப் போர்க் காலத்தில் இந்த ஆட்டம் நடக்க முடியாமற்போன வருஷங்களும் உண்டு. 2009-இல் யுத்தம் முடிந்தது. மத்திய கல்லூரி மைதானத்தில் பந்து இன்னமும் உருண்டுகொண்டிருக்கிறது. பிள்ளைகள் 'போர்' என்று பெயர் வைத்து விளையாடியது நிலைத்துவிட்டது. பெரியவர்கள் செய்த போரினால் மிஞ்சியது கண்ணீர்தான்.

மைதானம் இல்லாத போட்டி

இப்போது சென்னைக்கு வருவோம். வருவதற்கே மனம் கூசுகிறது. ஆனாலும் வரத்தான் வேண்டும்.

மாநிலக் கல்லூரி 1840-இல் தொடங்கியது. பச்சையப்பன் 1842-இல் பள்ளியாகத் தொடங்கியது. முன்னதில் சர் சி. வி. ராமன் படித்தார். பின்னதில் கணித மேதை ராமானுஜன் சில காலம் படித்தார். அறிஞர் அண்ணா படித்துப் பட்டம் பெற்றார். வயதிலும் புகழிலும் அக்காள் தங்கை மாதிரி இரண்டு கல்லூரிகள். வீட்டிலேயே முதல் முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த ஏழைப் பிள்ளைகளை ஆயிரமாயிரமாகப் படிக்க வைத்தவை.

அந்தப் பிள்ளைகளில் பலர் தினமும் வெகு தூரம் பஸ்ஸிலும் மின்சார ரயிலிலும் வருகிறவர்கள். பஸ்ஸே அவர்களுக்கு இன்னொரு வகுப்பறை. அதனால் 'பஸ் டே' என்று ஒன்று பிறந்தது. வருஷத்தில் ஒரு நாள் பஸ்ஸுக்கு மாலை போட்டு, டிரைவருக்கும் கண்டக்டருக்கும் மரியாதை செய்து, கானாப் பாட்டும் தாளமுமாக ஊர்வலம் போவார்கள். ஆரம்பத்தில் அழகான காரியந்தான். ஆனால் நாளடைவில் பஸ் ரூட்டின் நம்பரே கொடியாகிவிட்டது. ரூட்டுக்கு ஒரு தலைவன். அவனுக்கு 'ரூட்டு தல' என்று பட்டம். எந்தக் கல்லூரியின் பெயரைச் சொல்லி உரக்கக் கத்துவது என்பதில் சண்டை. 2019 ஜூன் மாதம் பஸ் கூரையில் ஏறி ஆடிவந்த மாணவர்கள், பிரேக் போட்டதும் கொத்தாகச் சரிந்து கீழே விழுந்த காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்து நெஞ்சைப் பிடித்துக்கொண்ட தாய்மார்கள் எத்தனை பேர்!

அதோடு போயிற்றா? 2024 அக்டோபரில், சென்ட்ரல் ரயில் நிலையத்தின் பக்கத்தில் மாநிலக் கல்லூரி முதலாண்டு மாணவர் ஒருவர் தாக்கப்பட்டார். சில நாளில் ஆஸ்பத்திரியில் உயிர் பிரிந்தது. பச்சையப்பன் கல்லூரி மாணவர்கள் சிலர் கைதானார்கள். ஒரு வீட்டில் பிள்ளை போனான். வேறு சில வீடுகளில் பிள்ளைகள் சிறைக்குப் போனார்கள். எதற்காக? நிலமா, பணமா? ஒன்றுமில்லை. வெறும் பெயருக்காக!

இதிலிருந்து எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் என்று சொல்வது பெரும் பாவம். ஆயிரத்தில் சிலர் செய்கிற காரியம் இது. ஆனால் யாழ்ப்பாணத்துப் போட்டிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். அங்கே மைதானம் இருக்கிறது, நடுவர் இருக்கிறார், மூன்றாம் நாள் சாயங்காலம் ஆட்டம் முடிகிறது. இங்கே மைதானம் நடுத்தெரு. நடுவர் இல்லை. என்றைக்கு முடியும் என்று கணக்கும் இல்லை. சூட்டைத் தாங்கிக்கொள்ள ஓர் ஆடோ மாடோ இல்லாததால், அது பெற்ற பிள்ளையின் மேல் விழுகிறது. ஆட்டையும் கழுதையையும் பற்றித் தாய்மார்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று முதலில் சொன்னேனே, இதற்காகத்தான்.

புளியமரமும் ரயில் எஞ்சினும்

நம் பக்கத்திலும் அக்கம்பக்கமாக இரண்டு அரசு கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. விழுப்புரத்தில் அறிஞர் அண்ணா பெயரால் ஒன்று, 1968-இல் பிறந்தது. திண்டிவனத்தில் அமைச்சராக இருந்த ஆ. கோவிந்தசாமி பெயரால் இன்னொன்று, 1969-இல் பிறந்தது. ஒரு வயது வித்தியாசம். அண்ணன் தம்பி என்றே சொல்லலாம்.

இவற்றுக்கு நாமே ஆளுக்கொரு ராசிச் சின்னம் யோசித்துப் பார்ப்போமா? திண்டிவனம் என்றாலே புளிய வனம். 'திந்திரிணி' என்றால் புளி. ஆகவே அதற்குப் புளியமரம். விழுப்புரமோ ஐந்து திக்கிலிருந்து தண்டவாளம் வந்து கூடுகிற ஜங்ஷன். அதற்கு ரயில் எஞ்சின். பந்தயத்துக்கு மைதானம் எங்கே? நடுவழியில் மயிலம் இருக்கவே இருக்கிறது. "புளி கரைக்கிறோம் வாருங்கள்!" என்று இவர்கள் கத்தட்டும், "வழி விடுங்கள், எக்ஸ்பிரஸ் வருகிறது!" என்று அவர்கள் கத்தட்டும். ஆணும் பெண்ணும் ஆடட்டும். யாருக்கும் ஒரு கீறல் படாது. வயிறு வலிக்கச் சிரிக்கலாம்.

அந்தப் பந்தயத்துக்கு வெஸ்ட் பாயிண்டிலிருந்தும் அன்னாபொலிஸிலிருந்தும் ஒரே ஒரு வழக்கத்தை மட்டும் கடன் வாங்குவேன். அங்கே ஆட்டம் முடிந்ததும் இரண்டு கட்சிக்காரர்களும் சேர்ந்து நிற்பார்கள். முதலில் தோற்ற கல்லூரியின் கீதத்தை எல்லாரும் மரியாதையாகக் கேட்பார்கள். பிறகுதான் ஜெயித்த கல்லூரியின் கீதம். ஐந்து வருஷம் பந்தயத்தையே நிறுத்தும் அளவுக்குச் சண்டை போட்ட அதே கல்லூரிகள்தான் இவை.

இன்று சாயங்காலம் உங்கள் பிள்ளையோ பெண்ணோ கல்லூரியிலிருந்து வந்ததும், காப்பியைக் கையில் கொடுத்துவிட்டு, "உங்களுக்கு எதிர்க் கல்லூரி எது?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் உற்சாகமாக வரும். உடனே அடுத்த கேள்வியையும் கேட்டுவிடுங்கள்: "அந்தக் கல்லூரியில் உனக்கு எத்தனை சிநேகிதர்கள்?"